ட்ரைக் இருக்கைக்கு வலை தைக்கக் கொடுக்கும் முன் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்

ட்ரைக் எனப்படும், சாய்ந்தபடி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளின் இருக்கை வலை கிழிந்து, அதைத் தைக்க ஆள் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். 190 டாலரைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

நான் இருப்பது மெல்பர்னில். கிரீன்ஸ்பீட் நிறுவனத்தின் ட்ரைக்குகள் பிறந்த ஊர்தான். ஆனால் வலை தைக்க ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. சோபா உறையும் முற்றத்துப் பந்தல் துணியும் தைக்கிற ஒரு கடைக்காரர், "இதெல்லாம் ஒரு வேலையா!" என்று வாங்கிக்கொண்டார். பிவிசி பூசிய பாலியஸ்டர் வலை, வெயிலுக்குத் தாங்கும் நூல் என்று வாய் நிறையச் சொன்னார். மாதிரிக்காகப் பழைய வலையையும் கழற்றிக் கொடுத்தேன்.

வந்தது பார்வைக்கு அழகாகவே இருந்தது. மூன்றாம் வாரம் இடுப்பு குறுக்குக் குழாயில் இடிக்கத் தொடங்கியது. வலையை இழுத்துக் கட்டும் வார்களை இறுக்கினேன், மறுநாள் மறுபடி தொய்ந்தது. ஒரு மாலை யாரா நதிக்கரைப் பாதையில், வளைவில் உடம்பைச் சாய்த்தபோது 'டர்' என்று முதுகுப் பக்கத் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்தது. சாதாரண சைக்கிளானால் எழுந்து நின்று மிதித்தாவது வீடு வந்துவிடலாம். இதில் முதுகு முழுவதும் தொங்குவது அந்த வலையில்தான். மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன்.

பிரிந்த நூலில் ஒரு துண்டை எடுத்துத் தீக்குச்சியில் காட்டினேன். காகித வாடையோடு எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. பருத்தி! பாலியஸ்டர் நூலென்றால் உருகிச் சுருண்டு, நுனியில் கடுகுபோல் கெட்டியாகியிருக்கும். வியர்வையும் இந்த ஊர்க் கோடை வெயிலும் பருத்தியை எத்தனை நாள் விட்டுவைக்கும்? வலையும் நெய்தது இல்லை, செடிகளுக்கு மேல் கட்டும் பின்னல் நிழல் வலை. இரு கைகளால் இழுத்தால் ரப்பர்போல் நீண்டது. வார் கோக்கும் பித்தளை வளையங்களுக்கு அடியில் பட்டை வைத்துத் தைக்காமல் வெறும் வலையிலேயே அடித்திருந்தார். நான்கு வளையங்கள் பிய்ந்து கையோடு வந்தன.

திரும்பப் போனேன். என் எடைதான் காரணமாம். நான் 74 கிலோ. ரசீதை நீட்டினேன், அதில் 'இருக்கை வேலை' என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் இல்லை. துணியின் பெயரையும் நூலின் பெயரையும் எழுதி வாங்காதது என் மடத்தனம்.

சரி, பழைய வலையையாவது கொடுங்கள் என்றேன். குப்பையில் போட்டுவிட்டாராம். இப்போது இருக்கையின் குழாய்ச் சட்டத்தின்மேல் செய்தித்தாளை ஒட்டி, நானே அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன்.