ஈரக்காற்றுக்கு நடுவே ஒரு பைக் பட்டறை: இரணியல் வீட்டில் ஏழு ஆண்டு அனுபவம்

இரணியலில் எங்கள் வீட்டின் மேற்குப் புறத்தில், முன்பு தேங்காயும் விறகும் போட்டு வைத்திருந்த இடத்தில், இரண்டு பைக்குகளைப் பராமரிப்பதற்காக ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறேன். ஒன்று, என் மாமா ஓட்டி எனக்குக் கொடுத்த யமஹா ஆர்எக்ஸ் 100; மற்றொன்று, நான் நாள்தோறும் நாகர்கோவிலுக்கு வேலைக்குச் சென்றுவரும் ஸ்பிளெண்டர். வீட்டில் பட்டறை அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் எந்த ஸ்பானர் செட் வாங்கலாம் என்றே முதலில் கேட்கிறார்கள். நானும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல என்பதை ஒரு முழுப் பட்டறையை இழந்த பிறகே அறிந்துகொண்டேன்.

2017 கோடையில் நான்கு இரும்புக் குழாய்களை நட்டு, மேலே தகரம் போட்டு, மண்தரையில் செங்கல் பரப்பி முதல் பட்டறையை அமைத்தேன். கையிலிருந்த பணம் ஏறத்தாழ முழுவதும் கருவிகளுக்கே சென்றது. அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் தாக்கியபோது தகரங்களில் இரண்டு பக்கத்துத் தென்னந்தோப்பில் போய் விழுந்தன. மரங்கள் சாய்ந்து, மின்கம்பங்கள் ஒடிந்து, பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் இருந்த அந்த வேளையில் கருவிகளைப் பற்றி நினைக்க எவருக்கும் மனமில்லை. ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது சாக்கெட்டுகள் அனைத்திலும் துரு ஏறியிருந்தது; ராட்செட் சுழலவே இல்லை. ஆனால் பழியைப் புயலின்மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. இடவப்பாதி மழை என்று எங்கள் பகுதி முதியவர்கள் சொல்லும் ஜூன் மழையிலேயே ஸ்பானர்களின்மீது செம்புள்ளிகள் பூத்திருந்ததை நான் பார்த்தும் பொருட்படுத்தாமல் விட்டிருந்தேன்.

பக்கத்து வீட்டில் இருக்கும் பெரியவர் தக்கலையில் நெடுங்காலம் மெக்கானிக்காக இருந்தவர். துருப்பிடித்த சாக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: “மக்களே, சாமானத்தை ஒண்ணொண்ணா வாங்கலாம். முதல்ல தரையை நல்ல பொக்கமாப் போடு.” பொக்கம் என்றால் எங்கள் ஊரில் உயரம்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டுமே இங்கே பெய்கின்றன. இடைப்பட்ட நாட்களிலும் கடற்காற்று உப்பைச் சுமந்துகொண்டு உள்நாடு வரை வருகிறது. உப்புத் துகள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் பிடித்து வைத்துக்கொள்வதால், மழை பெய்யாத நாளிலும் துரு தன் வேலையை நிறுத்துவதில்லை. ஆகவே 2018-இல் மறுபடியும் தொடங்கியபோது செலவில் பாதிக்கும் மேல் தரை, கூரை, சுவர், மின்இணைப்பு ஆகியவற்றுக்கே ஒதுக்கினேன். இந்த ஏழு ஆண்டுகளில் நான் எடுத்த முடிவுகளில் மிகவும் பயன் தந்தது இதுவே.

தரையை முற்றத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, ஜல்லியின்மேல் கனமான பாலிதீன் விரிப்பைப் பரப்பி, அதன்மேல் நான்கு அங்குலக் கான்கிரீட் போட்டோம். மண்ணின் ஈரம் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மேலேறும் என்பதால் அந்த விரிப்பு இன்றியமையாதது. வழவழப்பான டைல்ஸ் பதிக்கலாம் என்று கொத்தனார் சொன்னார்; எண்ணெய் சிந்தினால் பைக்கின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டும் வழுக்கும், ஆளும் வழுக்குவார் என்பதால் நான் உடன்படவில்லை. கூரைக்குத் தகரத்தை விடுத்து ஓட்டைத் தேர்ந்தெடுத்தேன். விடியற்காலையில் தகரத்தின் அடியில் நீர் கோத்து நேராக இன்ஜின்மேல் சொட்டியதை முதல் பட்டறையில் பலமுறை கண்டிருக்கிறேன். ஓட்டுக் கூரையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சாரல் பலமாக அடிக்கும் நாட்களில் ஓட்டிடுக்குகள் வழியாக நீர்த்திவலை உள்ளே வருகிறது. பைக்குகளின்மேல் பருத்தித் துணியைப் போர்த்தி வைக்கிறேன். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்துவிடுகிறது.

வேலை மேசைக்கு, பழைய வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்த அயனி மரப் பலகைகளைப் பயன்படுத்தினேன். படகு கட்டவும் கதவு நிலை செய்யவும் நம் முன்னோர் தேர்ந்த மரம் அது. இரண்டு அங்குலத் தடிமன் கொண்ட அந்தப் பலகையில் பொருட்களை இறுகப் பிடிக்கும் நான்கு அங்குல வைஸைப் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் எண்ணெயும் மண்ணெண்ணெயும் ஊறியும் பலகை வளையவில்லை, செல்லரிக்கவும் இல்லை. புதிய பிளைவுட் வாங்கியிருந்தால் இந்த ஈரத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

ரப்பர் விளையும் மாவட்டம் என்ற பெருமையில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். மண்டியிட்டு வேலை செய்வதற்காக இயற்கை ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கிப் போட்டேன். பெட்ரோலும் இன்ஜின் ஆயிலும் பட்ட இடமெல்லாம் உப்பி, பிசுபிசுத்து, சில மாதங்களில் கையோடு பிய்ந்து வந்தது. இயற்கை ரப்பர் பெட்ரோலியப் பொருட்களை உறிஞ்சி வீங்கிவிடும். எரிபொருள் குழாய்களுக்கும் ஆயில் சீல்களுக்கும் நைட்ரைல் ரப்பரைப் பயன்படுத்துவது அதனால்தான். இப்போது நைட்ரைல் கலந்த விரிப்பு இருக்கிறது, குறையொன்றும் இல்லை.

கருவிகளுக்கு வருகிறேன். 8 முதல் 17 மில்லிமீட்டர் வரையிலான ரிங் ஸ்பானர்களும் சாக்கெட்டுகளும் இந்த இரண்டு பைக்குகளில் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். எண்ணிக்கையில் பெரிய செட் வாங்கியவர்களின் பெட்டிகளில் பாதிக்கு மேல் தொடப்படாமலேயே துருப்பிடிப்பதைக் கண்டிருக்கிறேன். தனியாகப் பணம் செலவிடத் தகுந்தது, சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர். ஆர்எக்ஸ் 100-இன் இன்ஜின் கவர்களில் இருக்கும் ஸ்குரூக்கள் பார்ப்பதற்குச் சாதாரண ஸ்டார் தலை போலவே இருந்தாலும் ஜப்பானிய ஜேஐஎஸ் தரத்தைச் சேர்ந்தவை. சாதாரண பிலிப்ஸ் முனை அவற்றில் முழுமையாக அமராது. அழுத்தித் திருப்பும்போது மேலெழும்பித் தலையின் பள்ளத்தை மழுக்கிவிடும். ஜேஐஎஸ் முனையை வாங்கிய நாளிலிருந்து ஒரு ஸ்குரூவைக்கூட நான் துளையிட்டு எடுக்க நேரவில்லை.

குறித்த இறுக்கம் எட்டியதும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் டார்க் ரெஞ்ச் வாங்குவதில் நான் செய்த பிழைக்கு விலை கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று 20 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் ஒன்றை வாங்கினேன். இன்ஜின் கவர்களில் உள்ள எம்6 (6 மில்லிமீட்டர் விட்டம்) போல்ட்டுகளுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர்தான். ‘கிளிக்’ ஒலிக்காகக் காத்துக்கொண்டே இறுக்கியதில் அலுமினிய உடலின் மரை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து எஃகுச் சுருள் மரை போட்டு வாங்கினேன். அதன்பின் 5 முதல் 25 வரை காட்டும் சிறியது ஒன்றைத் தனியாக வாங்கினேன். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சிறியதையே வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. வேலை முடிந்ததும் அதை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும். உள்ளிருக்கும் ஸ்பிரிங் நாள்கணக்கில் இறுகியே இருந்தால் அளவு பிசகும்.

24 லிட்டர் கம்ப்ரசரைப் பற்றி எனக்குத் திருப்தி இல்லை. காற்றை அழுத்திக் குளிரவைக்கும்போது அதிலுள்ள நீராவி நீராகிவிடும். நம்முடைய காற்றில் நீராவி மிகுதி என்பதால், மழைக்காலத்தில் ஒவ்வொரு முறையும் தொட்டியின் அடித்திருகைத் திறந்தால் பழுப்பு நீர் பீறிட்டு வருகிறது. ஒருமுறை கழுவிய கார்புரேட்டரை அதே காற்றால் ஊதி, பெட்ரோல் செல்லும் நுண்துளையான ஜெட்டுக்குள் நானே நீரைச் செலுத்தினேன். நீர்ப்பிரிப்பான் பொருத்திய பிறகு நிலைமை மேம்பட்டது. ஆயினும் டயருக்குக் கால்பம்பும் கார்புரேட்டருக்குக் கிளீனர் ஸ்பிரேயும் போதுமாக இருந்திருக்கும். இரைச்சலால் அண்டை வீட்டாருக்குத் தந்த தொல்லையும் தவிர்ந்திருக்கும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின், அதிகம் ஓட்டாத ஆர்எக்ஸ் 100-க்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் மிதவைக் கிண்ணத்தை வடித்துவிடுகிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து கிடக்கும். ஆகவே சுவரின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் விட்டு, மின்பிளக்குகளை மூன்றரை அடிக்கு மேல் வைத்திருக்கிறேன். ஈரத் தரையில் நின்று கை விளக்கைத் தொடும் இடம் என்பதால் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் பொருத்தப்பட்டிருக்கிறது.

வார இறுதிகளில் மணவாளக்குறிச்சி கடற்கரைப் பக்கம் சென்று வருவேன். அங்குள்ள கருமணலில் இல்மனைட் என்ற கனிமத்தோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. கார்னெட், உப்புத்தாள் செய்யப் பயன்படும் கனிமம். கிரீஸ் அப்பிய செயினில் அந்த மணல் ஒட்டினால் ஸ்ப்ராக்கெட்டின் பற்களை அராவிவிடும். மண்ணெண்ணெயில் பிரஷ் கொண்டு கழுவி, துடைத்து, 90 கியர் ஆயிலை மெல்லியதாக விட்டு, மிகுந்ததை மீண்டும் துடைத்தெடுப்பதே எனக்குப் பலன் தந்த முறை.

கருவிகளைத் துருவிலிருந்து காக்க முதலில் வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயைத் தடவினேன். அது நாளடைவில் சிக்குப்பிடித்துத் தூசியைச் சேர்த்தது. மெஷின் ஆயில் தொட்ட துணியால் துடைப்பதே நல்லது. ரப்பர் விளிம்புள்ள இரும்பு அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் வைத்திருக்கிறேன். நிறம் மாறியதும் தட்டில் பரப்பி ஓவனில் 120 டிகிரியில் சூடாக்கினால் மறுபடியும் பயன்படும். ஆடி மாதத்தில் வாரந்தோறும் இதைச் செய்கிறேன்.

பழைய இன்ஜின் ஆயிலைக் கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுக்க வருபவரிடம் கொடுத்துவிடுகிறேன். பட்டறைக்கு முப்பதடி தள்ளித்தான் எங்கள் குடிநீர்க் கிணறு இருக்கிறது. இதுவரை தீர்க்காமல் விட்டிருப்பது மேற்குச் சுவர் ஒன்றுதான்: சாரல் நேராக அடிப்பதால் பூச்சு உரிந்து, அந்த மூலையில் தொங்கவிட்ட ஸ்பானர்களில் மட்டும் இன்னும் புள்ளி விழுகிறது. அடுத்த மழைக்கு முன் தாழ்வாரத்தை இரண்டடி வெளியே நீட்டிக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.