டட்சன் 120ஒய்யில் காற்று இழுப்பு: வெக்குவம் மீட்டரோடு சில வருடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டட்சன் 120ஒய் என்ற பழைய கார் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, "ஸ்லோ நிக்குதா?" என்பதுதான். ஸ்லோ என்றால், வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பது. எஞ்சின் என்னவோ கெட்டி. 1171 சிசி ஏ12. கறுப்பெண்ணெயை (எஞ்சின் ஆயில்) நேரத்துக்கு மாற்றினால் நமக்குப் பின்னாலும் ஓடும். ஆனால் சமிக்ஞை விளக்கில் நின்றால் குலுங்கும். சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் அடங்கும். எண்ணெய் அமுக்கினால், அதாவது ஆக்சிலேட்டரை மிதித்தால், ஒன்றுமே நடக்காததுபோல் பறக்கும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைத் திட்டுவதற்கு முன், எங்கேயோ திருட்டுக் காற்று போகிறதா என்று பாருங்கள்.

காரணம் எளிது. ஸ்லோவில், எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் திராட்டல் தட்டு கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே போகும் காற்றே கொஞ்சம். அந்த நேரத்தில் சின்ன ஓட்டை வழியாகப் புகும் காற்றுகூடக் கலவையைக் கெடுத்துவிடும். தட்டு திறந்த பிறகு வருகிற காற்றோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே இல்லை. சோக் இழுத்தால் பெட்ரோல் கூடுவதால் குறை மறைகிறது, தீர்வதில்லை. என் வண்டிக்கு ஒரு பட்டறையில் கார்புரேட்டரின் உள் உதிரிகளை (கார்ப் கிட்) மாற்றி, காசும் வாங்கி, "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் எஞ்சின் காற்றை இழுக்கும் பலத்தை அளக்கும் இந்த வெக்குவம் மீட்டரை வாங்கினேன்.

மலிவான சாமான்தான். வட்டமான முகம், ஒரு முள், ஒரு ஹோஸ். எதில் மாட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்னக் குழாயில் மாட்டினால் பெரும்பாலும் ஸ்லோவில் முள் அசையாது, அந்தத் துளை திராட்டல் தட்டுக்கு மேலே இருப்பதால். காற்றைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மெனிஃபோல்டில் நேராக இருக்கும் துளையிலோ, பிரேக் பூஸ்டர் ஹோஸில் 'டி' வடிவ இணைப்பு போட்டோ மாட்டவேண்டும். நல்ல எஞ்சின் ஸ்லோவில் 17 முதல் 22 பாதரச அங்குலம் வரை, முள் ஆடாமல் காட்டும். என்னுடையது 13ல் நின்றது. தீப்பொறி விழும் நேரம், அதாவது டைமிங், பின்தங்கினாலும் முள் இப்படித் தாழ்ந்து நிற்கும் என்பதால் முதலில் டைமிங் லைட் பிடித்துப் பார்த்தேன்; சரியாகவே இருந்தது. முள் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு விழுந்தால் வால்வைச் சந்தேகப்படவேண்டும். அதுவும் இல்லை.

மீட்டர் "ஓட்டை இருக்கு" என்று சொல்லும், "எங்கே" என்று சொல்லாது. அதை நாம்தான் தேடவேண்டும். ஒவ்வொரு ஹோஸாக மடித்துப் பிடித்தேன், முள் ஏறவில்லை. பிரேக்கை மிதித்தேன், ஸ்லோ மாறவில்லை, பூஸ்டர் தப்பித்தது. காதில் ரப்பர் குழாய் வைத்து 'உஸ்' சத்தம் தேடலாம் என்பார்கள். செம்பனை மில்லில் பாதிக் காதைத் தொலைத்த எனக்கு அது ஒத்துவராது.

நிறைய பேர் கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பார்கள். இந்த எஞ்சினில் அதைச் செய்யவே வேண்டாம். காற்று உள்ளே போகும் இன்டேக்கும், புகை வெளியேறும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். அடித்தது நேராகக் கொதிக்கும் இரும்பில் விழும். ஊதுபத்திப் புகை காட்டி ஓட்டை தேடுவதற்கும் அதே பதில்தான், பெட்ரோல் பக்கத்தில் கங்கு எதற்கு? செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தல் போதும். எக்ஸாஸ்ட் நன்றாகச் சூடேறுவதற்குள் மெல்லிய தூறலாக, இணைப்பு இணைப்பாக அடித்துக்கொண்டே வாருங்கள். சூடான வார்ப்பிரும்பில் தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடும், அதனால் தூறல் மட்டும். நாலாவது சிலிண்டர் ஓரத்தில் பட்டதும் தண்ணீர் 'சர்ர்' என்று உள்ளே போனது. முள் 17க்கு எகிறி, ஈரம் போனதும் மறுபடி விழுந்தது.

கழற்றினால், மெனிஃபோல்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் காற்றை அடைக்கும் கேஸ்கெட்டில் விரல் நக அகலத்துக்கு ஒரு கறுப்புத் தடம். இரண்டு மெனிஃபோல்டுக்கும் சேர்த்து ஒரே கேஸ்கெட். ஒன்று அதிகம் சூடாகி விரியும், மற்றது அவ்வளவு விரியாது, நட்டும் தளரும். டவுனில் ஒரு பழைய போர்மேன் அண்ணன் சொன்னது நல்ல உபாயம்: "ரெண்டையும் சேர்க்கிற போல்ட்டை லூசாவே விடு தம்பி. மொதல்ல ஹெட்ல இறுக்கு, அப்புறம்தான் அத இறுக்கணும்." அப்படியே செய்தேன். வண்டி கொஞ்ச நாள் ஓடிச் சூடாகிக் குளிர்ந்ததும் நட்டுகளை மறுபடி இறுக்கினேன். இன்றுவரை அந்த இடம் பேசவில்லை.

ஹோஸ் விஷயம் தனிக் கதை. மீன் தொட்டிக் கடையில் விற்கும் தெளிவான குழாயை மாட்டாதீர்கள். நம் ஊர் வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்தால் அது இளகிச் சப்பையாகிவிடும். சாதாரண சிலிக்கான் ஹோஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு நன்றாக உழைக்கிறது, ஆனால் எஞ்சினிலிருந்து எண்ணெய் ஆவி போகும் குழாய்க்கு (பிசிவி) ஆகாது. அங்கே எண்ணெய் தாங்கும் ரப்பர்தான்.

ஒருமுறை சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போனபோது மீட்டரையும் எடுத்துப்போனேன். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும் என்பது கணக்கு. மேலே 13க்குக் கீழே காட்டியது. விவரம் தெரியாதவர் அங்கேயே எஞ்சினைப் பிரித்திருப்பார். கீழே இறங்கியதும் பழைய எண் திரும்பிவிட்டது.

இப்போது 17ஐத் தாண்டுவதில்லை. திராட்டல் தட்டைத் தாங்கும் கம்பி (ஷாஃப்ட்) தேய்ந்திருக்கிறது, ஆட்டினால் கையில் தெரிகிறது. அங்கே கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும். அங்கே புஷ் என்ற உள்வளையம் போட ஈப்போவில் லேத் கடையில் கொடுக்கவேண்டும், இன்னும் மனசு வரவில்லை. மீட்டரில் எனக்குள்ள ஒரே குறை, மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிவது. டேஷ்போர்டில் நிரந்தரமாக மாட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். கசிய இன்னொரு ஹோஸ், இன்னொரு ஜாயின்ட். வண்டியின் பின்பெட்டியில் கிடக்கட்டும், தேவைப்படும்போது எடுத்தால் போதும்.