நகல் சர்வர் நம்ப மறுத்தால்: நாலு வழிகளும் அவற்றின் விலையும்

ஓப்பன்எல்டாப் (பயனர் பட்டியலை வைத்திருக்கும் டைரக்டரி மென்பொருள்) சர்வர் இரண்டை வைத்து ஒன்றின் தரவை மற்றதற்கு நகலெடுக்க விட்டிருப்பவர்களுக்கு இது பழகிய கூத்துதான். முதல் சர்வரில் புதுப் பயனரைச் சேர்க்கிறோம், இரண்டாவதில் அவர் வரவே இல்லை. லாக்கைத் திறந்தால் தொடர்பு கிடைக்கவில்லை என்கிற தோரணையில் ஒரு வரி. 636ஆம் போர்ட்டில் போனால் பக்கத்தில் மைனஸ் 1 நிற்கும், 389இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் (வெறும் இணைப்பாகத் தொடங்கிப் பாதுகாப்பு இணைப்பாக மாறும் முறை) வழியாகப் போனால் மைனஸ் 11. பிங் போகிறது, போர்ட்டும் திறந்திருக்கிறது. ஃபயர்வால் பார்ப்பவரிடம் சண்டை போட்டு முடித்த பிறகுதான் உறைக்கும்: தொடர்பெல்லாம் கிடைத்துவிட்டது, மறுமுனை நீட்டிய செல்ஃப்-சைன்டு, அதாவது தனக்குத் தானே கையெழுத்திட்டுக்கொண்ட சான்றிதழைத்தான் இது ஏற்கவில்லை.

நகலெடுக்கும் சர்வர் அந்த வேலையைப் பொறுத்தவரை ஒரு கிளையண்ட். உங்கள் லேப்டாப்பிலிருந்து தேடினால் பதில் வருகிறதே என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அங்கே இருப்பது வேறு செட்டிங். நகலெடுக்கும் பகுதியான சிங்க்ரெப்ல், கான்ஃபிக்கில் தன் வரியில் எழுதியிருப்பதைப் பார்க்கும், சான்றிதழ்க் கோப்புகளை அங்கே எழுதாவிட்டால் சர்வரின் பொது டிஎல்எஸ் (பாதுகாப்பு இணைப்பு) அமைப்பை எடுத்துக்கொள்ளும். சான்றிதழைச் சரிபார்ப்பது மட்டும், நீங்கள் எதுவும் எழுதாவிட்டால், ‘டிமாண்ட்’. அதாவது கறார்.

இனி வழிகள். கைக்கு முதலில் வருவது அந்த டிமாண்டை ‘நெவர்’ என்று மாற்றுவது. ஒரு நிமிடத்தில் நகல் ஓடத் தொடங்கிவிடும், அதுதான் ஆபத்து. தரவு மறைகுறியாக்கப்பட்டுத்தான் போகிறது, ஆனால் யாருக்குப் போகிறது என்று கேட்பார் இல்லை. நகலெடுக்கும் கணக்கின் பாஸ்வேர்ட் நடுவில் நிற்பவன் கையில் போனால், வழக்கமாக அந்தக் கணக்குக்கு எல்லாவற்றையும் படிக்க அனுமதி உண்டு, எல்லோருடைய பாஸ்வேர்ட் ஹாஷ் உட்பட. நோயைக் கண்டுபிடிக்க மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்: நெவர் போட்டால் ஓடுகிறதா, கோளாறு சான்றிதழில். போட்டும் ஓடவில்லையா, வேறு இடத்தில் தேடுங்கள்.

இதற்கு ஒரு தம்பி இருக்கிறான், இன்னும் சாது முகம். ஸ்டார்ட்டிஎல்எஸ் செட்டிங்கில் ‘யெஸ்’ என்று எழுதினால், பாதுகாப்பு இணைப்பு தோற்றாலும் சிங்க்ரெப்ல் சத்தமில்லாமல் வெறும் இணைப்பில் வேலையைத் தொடரும். ‘கிரிட்டிகல்’ என்று எழுதினால்தான் நிற்கும். நகல் ஒழுங்காக ஓடுவதால் வருடக்கணக்கில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு சர்வரும் தனக்குத் தானே சான்றிதழ் எழுதிக்கொண்டு, அதன் நகலை மற்றதன் நம்பிக்கைக் கோப்பில் போடுவது. செல்ஃப்-சைன்டு என்றாலே மட்டம் என்று சிலர் பேசுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. விரல்ரேகையை (சான்றிதழை அடையாளம் காட்டும் சுருக்க எண்ணை) ஒப்பிட்டுப் பார்த்து நீங்களே கொண்டுபோய் வைத்த சான்றிதழை நம்புவதில் என்ன குறை? இரண்டு சர்வருக்கு இது போதும். நாலு சர்வர் ஒன்றுக்கொன்று நகலெடுத்தால் 12 நகல்கள், ஒன்று புதுப்பித்தாலும் மற்ற மூன்றையும் தொட வேண்டும். இன்னொன்று, சான்றிதழ் உருவாக்கும் கருவியான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் நாள் கணக்கு சொல்லாமல் சான்றிதழ் எழுதினால் அதன் ஆயுள் 30 நாள். நான் ஒரு முறை அப்படித்தான் செய்துவிட்டு, மாதம் முடிந்து நகல் நின்றபோது நெட்வொர்க் ஸ்விட்சைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். புதுக் கோப்பை வைத்த பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்ய மறந்து, பழைய சான்றிதழையே நீட்டிக்கொண்டிருந்தது தனிக்கதை.

மூன்றாவது, வீட்டுக்குள்ளேயே ஒரு சான்றளிப்பு அதிகாரி. ரூட் சான்றிதழ் ஒன்றை ஒரு முறை உருவாக்கி எல்லா சர்வரிலும் வைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் அதன் கையெழுத்தில் தனிச் சான்றிதழ். ஐந்தாவது சர்வர் வந்தால் பழைய நாலில் கை வைக்க வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, மூன்றுக்கு மேல் போனால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் சிக்கல்களும் இங்கேதான் அதிகம். சிங்க்ரெப்ல் வரியில் எந்தப் பெயரைச் சொல்லி அழைக்கிறீர்களோ அதே பெயர் சான்றிதழின் மாற்றுப்பெயர்ப் பட்டியலில் இருக்க வேண்டும். ஐபி எண்ணை எழுதிவிட்டுச் சான்றிதழில் ஹோஸ்ட்நேம் மட்டும் வைத்தால் ஒட்டாது. டெபியன், உபுண்டுவில் ஸ்லாப்டி (ஓப்பன்எல்டாப்பின் சர்வர் நிரல்) ஓடுவது ‘ஓப்பன்எல்டாப்’ என்ற பயனர் பெயரில். சான்றிதழின் தனிச்சாவிக் கோப்பை ரூட் பயனர் மட்டும் படிக்கும்படி இருந்தால், செட்டிங்கை மாற்றும்போது எதையும் விளக்காத பிழை எண் 80 வரும். அனுமதி சரியென்றால், எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மரைப் பாருங்கள். கான்ஃபிக்கையே நகலெடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி: கோப்பின் பாதை நகலாகும், கோப்பு நகலாகாது. எல்லா சர்வரிலும் ஒரே பாதையில் அவரவர் சான்றிதழை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

எது கோளாறு என்று அறிய ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையண்ட் என்ற சோதனைக் கட்டளையை நகல் சர்வரிலிருந்தே, ரூட் கோப்பைக் கொடுத்து ஓட்டுங்கள். கடைசியில் வரும் எண்ணைப் பாருங்கள். 18 என்றால் எதிரே இருப்பது இன்னும் பழைய செல்ஃப்-சைன்டு. 19 என்றால் ரூட்டையும் சேர்த்து அனுப்புகிறது, நீங்கள் அதை நம்பவில்லை. 20 அல்லது 21 என்றால் கையெழுத்திட்டவர் யாரென்றே தெரியவில்லை. பெரும்பாலும் நம்பிக்கைக் கோப்பில் ரூட்டுக்குப் பதில் சர்வர் சான்றிதழைப் போட்டிருப்பீர்கள். 10 என்றால் காலாவதி.

நாலாவது, லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற பொது அதிகாரிகள் தரும் சான்றிதழ். டாட் லோக்கல் மாதிரி உள்ளூர்ப் பெயர்களுக்குப் பொது அதிகாரிகள் சான்றிதழ் தருவதில்லை என்பதால் பலருக்கு இங்கேயே கதவு மூடிவிடும். சொந்த டொமைன் இருந்தாலும் வழக்கமான ஆயுள் 90 நாள், ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட். பொதுச் சான்றிதழ்களுக்கான உச்சவரம்பும் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். சர்வர்கள் சான்றிதழைக் காட்டியே ஒன்றுக்கொன்று உள்நுழையும் அமைப்பென்றால் இது ஒத்துவராது. கிளையண்ட் அடையாளத்துக்கான அனுமதியை லெட்ஸ் என்க்ரிப்ட் கைவிடுவதாக அறிவித்துவிட்டது.

எதைத் தேர்ந்தாலும், ஒரு சோதனைப் பயனரைச் சேர்த்து மறுபக்கம் தேடுங்கள். கடைசியாக நடந்த மாற்றத்தைக் குறிக்கும் கான்டெக்ஸ்ட்-சிஎஸ்என் மதிப்பு இரண்டு சர்வரிலும் ஒன்றா என்று பாருங்கள். அப்புறம், சோதனைக்காகப் போட்ட அந்த நெவர் இன்னும் வரியில் உட்கார்ந்திருக்கிறதா என்றும்.