வீட்டில் செய்த மரச்சாமான்களும் கொல்லையில் ஒரு விளையாட்டு வீடும்: சில மழைக்காலங்கள் கழித்து

2018-ல் ஒரு பெஞ்சில் ஆரம்பித்தது. அப்புறம் புத்தக அலமாரி, செருப்பு ஸ்டாண்டு, சாப்பாட்டு மேசை, கொல்லையில் பிள்ளைகளுக்கு ஒரு மர வீடு என்று வளர்ந்துவிட்டது. செய்து முடித்த கையோடு எடுத்த படங்கள் நிறையக் கிடைக்கின்றன. அதே சாமான் நாலைந்து ஐப்பசி, கார்த்திகையைப் பார்த்த பிறகு எப்படி இருக்கிறது என்பதுதான் நான் ஆரம்பித்தபோது தேடியும் கிடைக்காத விஷயம். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது கடலூர் மாவட்டம், பண்ருட்டிக்கும் கடலுக்கும் நடுவில். மே மாதம் வெயில் காய்ச்சி எடுக்கும், மழைக்காலத்தில் சுவர் ஓதம் காக்கும், வருடம் முழுக்க உப்புக் காற்று. கரையானுக்குப் பஞ்சமே இல்லை. இங்கே தாங்குகிற மரச்சாமான் தமிழ்நாட்டில் எங்கேயும் தாங்கும் என்று தைரியமாகச் சொல்வேன்.

இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகிப்போனது ஒன்று. எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் எங்காவது ஒரு பாகம் கெடத்தான் செய்யும். அந்த ஒரு பாகத்தை மட்டும் கழற்றி மாற்ற வழி வைத்திருந்தால் சாமான் பிழைக்கும். வழி வைக்காவிட்டால் ஒரு பலகை உளுத்ததற்காக முழுச் சாமானையும் விறகுக்குப் போட வேண்டியதுதான். மரமா, பாலிஷா, எந்தக் கம்பெனி பசை என்று யோசிப்பதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

மேசையிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பலா மரம். 2011 டிசம்பர் 30-ல் வந்த தானே புயல் எங்கள் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது பலருக்கும் நினைவிருக்கும். அப்போது விழுந்த மரத்தைப் பலகையாக அறுத்துக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்த ஒரு தோப்புக்காரரிடம் வாங்கினேன். நிழலில் வருடக்கணக்காக ஆறிய பலகை. தஞ்சாவூர் வீணைக்கு இங்கிருந்துதான் பலா மரம் போகிறது என்றால் அதன் தரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டாம். அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படப்பட, பொன்னிறமாகி, இப்போது செம்பழுப்புக்கு வந்துவிட்டது. ஒரே இடத்தில் மேசை விரிப்பைப் போட்டு வைக்காதீர்கள், அந்த இடம் மட்டும் வெளுப்பாக நின்றுவிடும்.

மூன்று அடி அகலத்துக்கு மூன்று பலகைகளை ஒட்டியிருக்கிறேன். மரம் நீளவாக்கில் அநேகமாக நகராது. அகலவாக்கில்தான் ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். அதனால் மேல்பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு இறுக்கித் திருகாமல், சட்டத்தில் துளைகளை அகலவாக்கில் நீளமாக அறுத்து, வாஷர் போட்டுத் திருகியிருக்கிறேன். பலகை நகர்ந்தால் திருகும் கூடவே நகரும். இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. மேசைக்கு அடியில் படுத்துப் பார்த்தால், ஒவ்வொரு வாஷருக்கும் பக்கத்தில் உரசி உரசி ஒரு பளபளப்பான கோடு விழுந்திருப்பது தெரியும். ஓரத்துத் திருகுகளிடம் கோடு நீளம், நடுவில் இருப்பவற்றிடம் கோடே இல்லை. இத்தனை வருடமாக வெயிலுக்கும் மழைக்கும் பலகை போய்வந்த தடம் அது. இறுக்கிக் கட்டியிருந்தால் எங்காவது நெடுகப் பிளந்திருக்கும். மேல்பலகையில் இன்றுவரை ஒரு வெடிப்பு கிடையாது.

பலா வாங்குபவர்கள் வைரத்தை, அதாவது மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான பகுதியை, மட்டும் பார்த்து வாங்குங்கள். ஓரத்தில் வெளுப்பாக இருக்கும் வெளிறுப் பகுதியைப் பூச்சி விடாது. விலை குறைகிறதே என்று வெளிறோடு வாங்கினால், நாலு மாதத்தில் தரையில் மாவு மாதிரி தூள் கொட்டும்.

புத்தக அலமாரி பிளைவுட். எம்.ஆர். என்று போட்டிருக்கும் சாதாரண ரகம் வீட்டுக்குள்ளே, ஓதம் இல்லாத சுவரில், நன்றாகவே இருக்கிறது. ஆனால் தரையைத் தொட்டு நிற்கும் அடிப்பலகை மட்டும் இரண்டு மழைக்காலத்தில் ஓரம் ஊதிவிட்டது. வீடு துடைக்கிற தண்ணீரே போதும் அதற்கு. அதைக் கழற்றிவிட்டு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் போட்டேன், அடியில் ஒரு அங்குல உயரத்துக்குப் புஷ் (சாமானின் காலடியில் வைக்கும் கட்டை) வைத்துத் தூக்கினேன். அதோடு சரி. முழு அலமாரிக்கும் மரைன் போட வேண்டிய அவசியம் இல்லை, தண்ணீர் படுகிற இடத்துக்கு மட்டும் போட்டால் போதும்.

தட்டு தொய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. 19 மி.மீ. பிளைவுட் தட்டை இரண்டரை அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் விடாதீர்கள், புத்தகக் கனம் சாதாரணம் இல்லை. தடிமன் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டில் ஒன்றாகிவிடும். தட்டையே தடிமனாக்க வேண்டாம், முன்விளிம்பில் ஒன்றரை அங்குல ரீப்பரை (ஒடுக்கமான மரச்சட்டத்தை) செங்குத்தாகப் பிடித்து ஒட்டித் திருகினாலே பெரும் வித்தியாசம் தெரியும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உயரமான அலமாரியைச் சுவரோடு கட்டாயம் ஆங்கர் அடித்துப் பிடித்துவிடுங்கள். தட்டைப் பிடித்து ஏறாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது?

பழைய பேலட்டின் (சரக்கு அடுக்கி அனுப்பும் மரத்தட்டு) பைன் பலகையில் செய்த செருப்பு ஸ்டாண்டு ஒன்றுதான் எனக்குத் திருப்தி தராதது. பேலட் வாங்கும்போது முத்திரை பாருங்கள். எச்.டி. என்றால் மரத்தின் உள்பகுதிவரை 56 டிகிரி சூடு, 30 நிமிடம் காட்டியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு வாயு காட்டியது, அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சூடு காட்டியதால் உள்ளே இருந்த பூச்சி செத்திருக்கும், அவ்வளவுதான். பிறகு வருகிற கரையானுக்கு அது தடையே இல்லை. வாசல் மூலையில் வைத்திருந்ததைப் பின்பக்கமாகவே தின்றிருந்தது. முன்னால் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை, தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தது. எங்கள் ஊர் மாதிரி இடத்தில் பைன் மரத்தைச் சுவரில் மாட்டும் சாமானுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி விளையாட்டு வீடு. ஆறடிக்கு நாலடி தளம், தரையிலிருந்து இரண்டரை அடி உயரம், நாலு வேங்கைக் கால், வேப்பம் பலகைச் சுவர், மேலே கீற்று. தகரம் போட்டால் மே மாதத்தில் உள்ளே பிள்ளைகள் ஐந்து நிமிடம்கூட உட்கார முடியாது. கீற்றை அவ்வப்போது மாற்றித்தான் ஆக வேண்டும், ஆனால் நண்பகலில்கூட உள்ளே போய்ப் படுத்துக் கதை படிக்கிறார்கள். அதற்காகவே அந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்யலாம்.

கால்களை மண்ணில் நடத்தான் முதலில் நினைத்திருந்தேன். பக்கத்துத் தெரு ஆசாரி பெரியவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மண்ணுல நேரா நடாதம்மா. வைரம் பாஞ்ச மரமா இருந்தாலும் மண்ணு மட்டத்துல அத்துடும். கல்லு மேல உக்கார வை."

"காத்துக்குச் சாஞ்சிடாதுங்களா ஐயா?"

"கல்லுக்குள்ள பட்டையை விட்டு, பட்டையோட காலை போல்ட்டு போடு. குறுக்குச் சட்டம் மூணு பக்கமும் அடி. அது எங்கயும் போவாது."

அப்படியே செய்தேன். ஒவ்வொரு காலுக்கும் ஒரு கான்கிரீட் கட்டை, அதில் பதித்த ஜி.ஐ. பட்டை (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை), காலின் அடிமுனைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் அரை அங்குலக் காற்று இடைவெளி. மரம் தண்ணீரைக் குடிப்பது பெரும்பாலும் அறுத்த முனை வழியாகத்தான், அதனால் அந்த இடைவெளி முக்கியம். இன்னொரு பெரிய லாபமும் உண்டு. கரையான் உள்ளுக்குள்ளேயே ஏற முடியாது. கான்கிரீட் மேல் மண் புற்று கட்டிக்கொண்டுதான் வர வேண்டும், அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை செடிக்குத் தண்ணீர் விடும்போது ஒரு பார்வை பார்த்து, கோடு தெரிந்தால் தட்டிவிட்டு மருந்து வைத்தால் முடிந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு முந்தின நாளே கீற்றையும் காற்று வரும் திசையில் இருந்த சுவர்ப் பலகைகளையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டோம். எல்லாம் நட்டு போல்ட்டு, ஒரு ஸ்பானரில் வேலை முடிந்தது. காற்று சட்டத்துக்குள் புகுந்து போய்விட்டது, கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றும் கால்கள் அசையவில்லை. வடிந்த பிறகு பலகைகளை நிழலில் காயவைத்துத் திரும்ப மாட்டினோம்.

கெட்டது எது என்றால், சுவரின் கீழ்ப்பலகை. கூரையிலிருந்து விழும் மழை மண்ணில் அடித்துத் தெறித்து, அடிப்பக்கத்தில் ஒரு கறுத்த பட்டை போட்டுவிடுகிறது. பார்வைக்கு வெறும் அழுக்குதான். திருப்புளி முனையை வைத்து அழுத்தினால் மேலே இருக்கும் பலகையில் ஒரு புள்ளிகூட விழாது, அந்தப் பட்டையில் சோற்றில் இறங்குவதுபோல இறங்கும். நாலு போல்ட்டைக் கழற்றி அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றினேன். கூரை விளிம்பை ஒரு அடி வெளியே நீட்டி, தண்ணீர் விழும் இடத்தில் ஜல்லி கொட்டினேன். இப்போது தெறிப்பு இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்து தை மாதத்தில், திருப்புளியோடு எல்லா மூலையையும் குத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

திருகு வாங்குவதில் சிக்கனம் வேண்டாம். ஜிப்சம் போர்டுக்கு வரும் கறுப்புத் திருகு உப்புக் காற்றில் துருப்பிடித்து, கழற்றப் போனால் தலை மட்டும் கையோடு வரும். கழற்ற முடியாத திருகு பசைக்குச் சமம். வெளியில் வைக்கும் சாமானுக்கு எஸ்.எஸ். 304 என்ற துருப்பிடிக்காத எஃகு ரகத் திருகு போடுங்கள். திருகுவதற்கு முன் சின்னத் துளை போடாமல் வேங்கையில் எதையும் ஏற்றாதீர்கள், பிளந்துவிடும்.

பிள்ளைகள் ஏறி விளையாடும் எதற்கும் சந்து அளவு கவனிக்க வேண்டும். 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட சந்து ஆபத்து என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு சொல்கிறது. உடம்பு நுழைந்துவிடும், தலை சிக்கிக்கொள்ளும். கைப்பிடிக் கம்பிகளை மூன்று அங்குல இடைவெளியில் வைத்தேன். கீழே சுற்றிலும் ஒன்பது அங்குலம் மணல், அது மழையில் இறுகிவிடும், கிளறிவிட வேண்டும். கதவுக் கீல் பக்கம் விரல் நசுங்காத இடைவெளி. தொங்கும் கயிறு எதுவும் கிடையாது. இவற்றில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை, நீங்களும் கொடுக்காதீர்கள்.

பெயிண்டைப் பொறுத்தவரை, 2017 நவம்பரிலிருந்து நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. டப்பாவில் அச்சிட்டிருக்கும். எங்கோ மிச்சம் கிடந்த பழைய டப்பாவைப் பிள்ளைகள் கைபடும் சாமானுக்குப் பூசாதீர்கள். முந்திரி ஓட்டு எண்ணெய் எங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கும், கரையானுக்கு நல்ல தடுப்பு. ஆனால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும், கறுப்பாகவும் இருக்கும். அதனால் கால்களின் அடிமுனையில் மட்டும், கையுறை போட்டுத் தடவினேன். போராக்ஸ் கரைசல் வீட்டுக்குள் உளுப்பூச்சிக்கு நல்லது, மழையில் நிற்கும் மரத்தில் கரைந்து போய்விடும். ஆளிவிதை எண்ணெய் பலாவுக்கு அழகான நிறம் கொடுக்கும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப் போடுங்கள்.

கருவிகள் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ட்ரில், கைரம்பம், இரண்டு உளி, மூலைமட்டம், நாலு கிளாம்ப். உளியைச் சாணைக்கல்லில் தீட்டப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பெரிய அறுப்பையும் இழைப்பையும் மில்லிலேயே முடித்துவிடுவேன். வேங்கைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

செலவு? அட்டைப் பலகையில் வரும் ரெடிமேட் சாமானைவிட என் மேசை மலிவு என்று சொல்ல மாட்டேன். அது திருகு ஒருமுறை இளகினால் மறுபடி பிடிக்காத சாமான், இது பழுது பார்த்துப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் காலம்வரை ஓடும் சாமான். ஒன்றோடு ஒன்றை வைத்து விலை பேச எனக்கு மனம் வரவில்லை.

முதலில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் பெஞ்சுதான். நாலடி நீளம், ஒரு அடி அகலம், பதினேழு அங்குல உயரம். ஒன்றரை அங்குலப் பூவரசோ வேம்போ போதும், இரண்டும் விலை கையைக் கடிக்காது. கால்களுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கட்டை வைத்து, இரண்டு முனையிலும் போல்ட்டு போடுங்கள். எங்கள் பெஞ்சில் அந்தக் குறுக்குக் கட்டையை ஒருமுறை மாற்றியாயிற்று, மற்றதெல்லாம் 2018-ல் போட்டதேதான்.