பட்டன் போனுக்கு ஒரு வருட ரீசார்ஜ்: ஏர்டெல்லா, ஜியோவா?

இன்டர்நெட்டே தொடாத அம்மா அப்பாவின் போனுக்கு டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவது அநியாயம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் போட்ட விதியால்தான் காலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகள் 2025 ஜனவரியில் வந்தன.

அப்போதைய விலைப்படி ஏர்டெல்லில் 1849 ரூபாய்க்கு 365 நாள், ஜியோவில் 1748 ரூபாய்க்கு 336 நாள். இரண்டிலும் அளவில்லாத கால், 3600 எஸ்எம்எஸ். வங்கி ஓடிபி உள்ளே வருவது, அந்தக் கணக்கில் சேராது. ஜியோ நூறு ரூபாய் மலிவு என்று தோன்றும். வகுத்துப் பாருங்கள்: ஏர்டெல் நாளுக்குச் சுமார் 5.07 ரூபாய், ஜியோ 5.20.

அதைவிட முக்கியம், கையில் இருக்கும் போன். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. பழைய 2ஜி நோக்கியாவில் அந்த சிம்மைப் போட்டால் சிக்னலே வராது. புது போன் வாங்கும் செலவு, அப்புறம் எழுபது வயதில் புதுப் பட்டன்களைப் பழகும் பாடு, இரண்டையும் யோசிக்க வேண்டும். அந்த வீட்டுக்கு ஏர்டெல்தான் என்பேன். ஏற்கெனவே 4ஜி பட்டன் போன் இருந்தால், வீட்டுக்குள் எதன் சிக்னல் நன்றாக எடுக்கிறதோ அதுவே சரி.

மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்கு 84 நாள் பேக்கும் வந்தது: ஏர்டெல் 469, ஜியோ 448. விலை மாறிக்கொண்டே இருக்கும், ரீசார்ஜுக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.