மலை ஏற கியர் மாற்றப் போய் ஏமாந்த கதை

கோத்தகிரிக்காரன் நான். மேட்டுப்பாளையத்திலிருந்து வீட்டுக்கு 33 கிலோமீட்டர், ஏறக்குறைய 1,450 மீட்டர் ஏற்றம். என் ரோடு சைக்கிளில் இருந்தது ஷிமானோ கம்பெனியின் 9 ஸ்பீடு சோரா கியர் செட், முன்னால் 50, 34 பல் உள்ள இரண்டு பல்சக்கரம், பின்னால் 11 முதல் 32 பல் வரை ஒன்பது பல்சக்கரம். குஞ்சப்பனை தாண்டினாலே முட்டி கெஞ்சும். முன்னால் 34 இருக்க, பின்னால் 36 பல் போட்டால் பெடலின் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் சுற்றும், அந்த அளவு இலேசு. சோரா டீரெயிலர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் கருவி) 34 பல்லுக்கு மேல் தாங்காது என்பதால் அதையும் மாற்ற வேண்டும் என்று தெரிந்தேதான் கோயம்புத்தூரில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஷிமானோவின் டியோர் மாடல் டீரெயிலர் ஒன்றை எடுத்துக் காட்டினார். 9 ஸ்பீடுக்குச் சேருமா என்று இரண்டு தடவை கேட்டேன். "எல்லாமே ஷிமானோதானுங்க, அதெல்லாம் செட் ஆயிடும்." கேசட் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு), செயின், கூலி எல்லாம் சேர்த்து 8,400 ரூபாய். ஸ்டாண்டில் வைத்து நடுவில் இரண்டு கியரை மட்டும் மாற்றிக் காட்டினார், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன், அதுதான் என் முட்டாள்தனம்.

மறுநாள் ஏற்றம் தொடங்கியதும் லீவரை அழுத்துகிறேன், கிளிக் கேட்கிறது, செயின் மட்டும் பாதி வழியில் நின்று கரகரவென்று உரசுகிறது. கடைசிக் கிளிக் வரை போயும் பெரிய பல்சக்கரங்கள் பக்கமே செயின் எட்டவில்லை. கேபிளை இறுக்கினால் 36க்குப் போகும், அப்புறம் சின்னவை பக்கம் வராது. அதாவது எதற்காகக் காசு கொடுத்தேனோ அந்தக் கியர்தான் இல்லை! அரவேணு வரை பாதி தூரம் தள்ளிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் கழற்றிப் பின்பக்கத்து எண்ணைப் பார்த்தேன். எம்6000, அது 10 ஸ்பீடு மலை சைக்கிள் டீரெயிலர். சோரா ஷிஃப்டர் (ஹேண்டில்பாரில் இருக்கும் கியர் லீவர்) ஒரு கிளிக்குக்கு 2.5 மி.மீ. கேபிள் இழுக்கும். ஷிமானோவின் 9 ஸ்பீடு டீரெயிலர், ரோடானாலும் மலையானாலும், அதில் 1.7 மடங்கு நகரும், செயின் அடுத்த பல்சக்கரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும். 10 ஸ்பீடு மலை டீரெயிலர் 1.2 மடங்குதான், அதாவது 3 மி.மீ. ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளியோ 4.35 மி.மீ. எவ்வளவு டியூன் செய்தாலும் இது சேராது.

திருப்பிக் கொண்டுபோனால் "ஹேங்கர் வளைஞ்சிருக்குதுங்க" என்றார். டீரெயிலரைத் தாங்கும் அந்தத் துண்டு நேராகத்தான் இருந்தது. அப்புறம், பொருத்தின பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார். பில்லில் "கியர் ஐட்டம்" என்று மட்டும் எழுதியிருந்ததால் என்னால் வாதாடவும் முடியவில்லை. வாங்குகிறவர்கள் மாடல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள், ஸ்டாண்டில் ஒன்பது கியரும் மேலும் கீழும் போய்வருவதைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

கடைசியில் ஷிமானோவின் 9 ஸ்பீடு அலிவியோ எம்4000 டீரெயிலரைத் தனியாக வாங்கி நானே மாட்டினேன், அதே ஷிஃப்டர், அதே கேசட், பத்து நிமிடத்தில் டியூன் ஆகிவிட்டது. அந்த டியோர் தினத்தந்தியில் சுற்றி அலமாரியில் கிடக்கிறது. 10 ஸ்பீடு மலை சைக்கிள் ஷிஃப்டர் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன்.