ராசப்பச் செட்டித் தெருவில் ஆண்களின் முகத்துக்கு: எதை வாங்கலாம், எதை விடலாம்

சென்ட்ரலில் இறங்கிப் பூங்கா நகருக்குள் நடந்தால் கந்தகோட்டம் வரும். கோயில் இருக்கிற ராசப்பச் செட்டித் தெருவில் நுழைந்ததுமே வெட்டிவேரும் வசம்பும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். நாட்டு மருந்துக் கடைகள் நிறைந்த தெரு இது. ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்று வடசென்னை வீடுகளிலிருந்து பிரசவ மருந்துக்கும் சீயக்காய்க்கும் இங்கேதான் வருவார்கள். ஆண்களுக்கான இயற்கை கிட் என்று இணையத்தில் அட்டைப்பெட்டியில் விற்பதில் பாதிச் சரக்கு இங்கே பொட்டலமாகக் கிடைக்கிறது. படிகாரத்துக்கும் குளியல் பொடிக்கும் இந்தத் தெருவுக்கு முழு மதிப்பெண் தரலாம். எண்ணெய்க்குப் பாதிதான். விலங்கு வதை இல்லாத பொருள் வேண்டும் என்றால் வாயைத் திறந்து கேட்டே ஆக வேண்டும். நாட்டு மருந்துக் கடை என்பதால் எல்லாம் செடிகொடி என்று நினைத்துவிட முடியாது.

படிகாரத்திலிருந்து தொடங்கலாம். ஆண்கள் இந்தத் தெருவில் ஒரே ஒரு பொருள்தான் வாங்குவது என்றால் அது இதுதான். தூளாக வேண்டாம், கட்டியாகக் கேளுங்கள். கண்ணாடி போலத் தெளிவாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் எடுத்தால் போதும். உடைத்துத் தருகிற கட்டிக்கு ஓரம் கூர்மையாக இருக்கும். அதை அப்படியே முகத்தில் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும். ஈரமான கருங்கல்லில் ஓரங்களை உரசி மழுக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஷேவ் செய்து முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுங்கள். கட்டியை நனைத்து, பிளேடு போன இடமெல்லாம் ஒரு தடவை மெதுவாக ஓட்டுங்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை விட்டுவிட்டு மறுபடி கழுவுங்கள். இந்தக் கடைசிக் கழுவலைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். படிகாரம் தோலின் புரதத்தை இறுக்கிச் சிறு வெட்டுகளில் ரத்தத்தை நிறுத்துகிறது. அதே வேலையை நாள் முழுக்கச் செய்யவிட்டால் தோல் வறண்டு, இழுத்து, செதில் செதிலாக உரியும். எங்கே அதிகமாக எரிகிறது என்று கவனியுங்கள். அங்கே நீங்கள் பிளேடை அழுத்தியிருக்கிறீர்கள், அல்லது ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை இழுத்திருக்கிறீர்கள். இதைவிட நேர்மையாகத் தவறைச் சொல்லிக்காட்டும் பொருள் கிடையாது.

தாடைக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாக வருகிறவர்கள் படிகாரத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. சுருள் முடி உள்ளவர்களுக்குப் பல பிளேடு ரேஸர் முடியைத் தோலுக்கும் கீழே வெட்டிவிடும். திரும்ப வளரும் முடி வளைந்து உள்ளேயே குத்தும். ஒற்றை பிளேடுக்கு மாறி, முடி வளர்கிற திசையிலேயே இழுப்பதுதான் வழி. சீழ் கட்டிய கொப்புளத்தின் மேல் படிகாரத்தை ஓட்டாதீர்கள்.

சலூனில் எல்லார் முகத்திலும் ஒரே கட்டியை ஓட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. ரத்தம் பட்ட கட்டி அது; ஹெபடைடிஸ் பி போன்ற ரத்தத் தொற்றுகளுக்கு வழி. சொந்தக் கட்டியை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போய், 'அண்ணா, இதைப் போடுங்க' என்று கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அக்குள் நாற்றத்துக்கும் இதே கட்டி போதும். குளித்து முடித்த ஈரத்தில் நாலு தடவை ஓட்டுங்கள். வியர்வையை அடைக்காது, நாற்றத்தை உண்டாக்கும் கிருமியைக் குறைக்கும். இதையே அழகான உறையில் போட்டு 'அலுமினியம் இல்லாதது' என்று விற்பதைப் பார்க்கலாம். படிகாரமே அலுமினிய உப்புதான். அப்படி எழுதுகிறவர்களின் மற்ற வாக்குறுதிகளையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

அடுத்தது குளியல் பொடி. எண்ணூர், மணலிப் பக்கம் கன்டெய்னர் லாரிப் புழுதியில் ஹெல்மெட்டோடு போய்வருகிறவர்களுக்கும், துறைமுகத்தில் உப்புக் காற்றில் நிற்கிறவர்களுக்கும் இது நன்றாகவே ஒத்துப்போகும். காரணம் தண்ணீர். போர்த் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கிற வீடுகளில் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து அழுக்குப் படலமாகத் தோலிலேயே ஒட்டும். அதைத்தான் 'சோப்பு ஒத்துக்கலை' என்கிறோம். சோதித்துப் பார்க்க ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் நல்ல தண்ணீர். பால் போலக் கலங்கி, மேலே திரி திரியாக மிதந்தால் கடினத் தண்ணீர். அந்த வீட்டில் ஷேவுக்கு மட்டுமாவது ஒரு சொம்பு மெட்ரோ தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஒதுக்குங்கள். பயத்த மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்தத் தண்ணீரிலும் ஒரே மாதிரி எண்ணெயை எடுக்கும்.

தயாராகக் கட்டி வைத்த பொடியை விட, பொருளாக வாங்கி அரைப்பது நல்லது. பச்சைப்பயறு 100 கிராம், ஆவாரம்பூ 20 கிராம், வெட்டிவேர் 20 கிராம், கஸ்தூரி மஞ்சள் 10 கிராம். வெட்டிவேரைச் சின்னதாக நறுக்கி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்த பிறகே அரைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாராகச் சுற்றிக்கொள்ளும். கேட்டால் அரைத்துத் தருகிற கடைகளும் உண்டு. ஆனால் அந்த அரைப்பு முகத்துக்குச் சொரசொரப்பு. வீட்டுக்கு வந்து வஸ்திரகாயம் செய்யுங்கள், அதாவது மெல்லிய வேட்டித் துணியில் சலியுங்கள். துணியில் நிற்பதை உடம்புக்கும், இறங்கியதை முகத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒரு டீஸ்பூன் பொடியைத் தண்ணீரில் குழைத்து, ஒரு நிமிடம் தடவி, தேய்க்காமல் கழுவுங்கள். தேய்ப்பதில்தான் முகம் கெடுகிறது. ஷேவ் செய்த அன்று இந்தப் பொடியே வேண்டாம். தாடி வைத்திருப்பவர்கள் கன்னத்தோடும் நெற்றியோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். தாடிக்குள் போன மாவு காய்ந்து, பொடுகு மாதிரி உதிரும்.

கஸ்தூரி மஞ்சளில் ஏமாற வாய்ப்பு அதிகம். அடர் மஞ்சள் நிறத்தில் தூளாகக் கொடுத்தால் அது பெரும்பாலும் வேறு கிழங்கு. அசல் கஸ்தூரி மஞ்சள் வெளிறிய நிறம், கற்பூர வாடை, சமையல் மஞ்சள் மாதிரி சட்டைக் காலரில் கறை ஏற்றாது. முழுக் கிழங்காக வாங்கி உடைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

பொட்டலங்களில் தேதி இருக்காது. தெருவின் பெரிய குறை இது. நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, பயத்த மாவில் வண்டு சீக்கிரம் வைக்கும். அதனால் அரைக் கிலோ வாங்காதீர்கள். மேலே சொன்ன அளவு ஒரு ஆளுக்கு ஒரு மாதத்துக்கு மேலேயே வரும். வாங்கிய தேதியை டப்பாவில் எழுதி ஒட்டுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள், குழைத்த மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள். புதிதாக எதை வாங்கினாலும் முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போக வேண்டும். ஆவாரம்பூவும் ஒவ்வாமை தரலாம், மஞ்சளும் தரலாம்.

எண்ணெய் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தாடி அடர்த்தியாக வளர விளக்கெண்ணெய் என்று தாராளமாகச் சொல்வார்கள். விளக்கெண்ணெய் புதிதாக முடியை முளைக்க வைக்காது. இருக்கிற முடிக்குப் பளபளப்பும் கனமும் தரும், கலையாமல் நிற்க வைக்கும், அவ்வளவுதான். அதற்கே அது நல்ல பொருள். தனியாகப் போட்டால் பிசுபிசுக்கும் என்பதால் செக்குத் தேங்காயெண்ணெய் 15 மில்லிக்கு விளக்கெண்ணெய் 5 மில்லி என்று கலந்து, குளித்த பின் தாடி லேசாக ஈரமாக இருக்கும்போது நான்கு சொட்டு போடுங்கள். கன்னத்துத் தோலில் பூச வேண்டாம். பரு வருகிற முகத்தில் தேங்காயெண்ணெய் துவாரங்களை அடைக்கும். அதன் மேல் ஹெல்மெட் பட்டை உரசினால் தாடை ஓரம் முழுக்கப் பரு.

தாடிக்குள் செதில் செதிலாக உதிர்ந்து அரித்தால் எண்ணெயை நிறுத்துங்கள். வறட்சி என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற பூஞ்சை. நம் தோல் எண்ணெயும் நாம் பூசும் எண்ணெயும் அதற்குச் சாப்பாடு. மூக்கோரமும் புருவமும் சேர்ந்து சிவந்தால் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். இந்தத் தெருவில் அதற்கு விடை இல்லை.

இனி விலங்குகள் விஷயம். நாட்டு மருந்துக் கடையில் புனுகு கேட்பவர்கள் இன்னும் உண்டு. புனுகுப் பூனையைக் கூண்டில் அடைத்து, அதன் சுரப்பியிலிருந்து வழித்தெடுப்பது அது. அந்த விலங்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுகிறது. கஸ்தூரி மானும் அப்படித்தான். கஸ்தூரி மஞ்சள் மட்டும் பெயரளவில் கஸ்தூரி, அது வெறும் கிழங்கு. ஜவ்வாது வாங்கும்போது அதில் புனுகு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வாங்காதீர்கள். முடி வளர என்று தெருவோரத்தில் விற்கும் மயிலெண்ணெய், உடும்பெண்ணெய் பக்கமே போக வேண்டாம்.

சோப்பு, க்ரீம் உறைகளில் 'விலங்குகள் மேல் சோதிக்கப்படவில்லை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அழகுசாதனப் பொருள்களை விலங்குகள் மேல் சோதிப்பதற்கு இந்தியாவில் 2014-லேயே தடை வந்துவிட்டது. அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதிக்கும் அதே ஆண்டில் தடை. ஆகவே இங்கே தயாரான பொருளில் அந்த வரி சட்டத்தைப் பின்பற்றியதற்கான அறிவிப்பு, கூடுதல் புண்ணியம் எதுவும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது உறையின் பின்பக்கம். சோடியம் டாலோவேட் என்றால் விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டுடையது. லனோலின் ஆட்டு ரோமத்திலிருந்து வருவது. தாடி மெழுகில் தேன்மெழுகு இருக்கும். கார்மைன் என்பது பூச்சியை அரைத்து எடுக்கும் சிவப்பு. இவை எதுவும் 'சோதிக்கப்படவில்லை' என்ற வரியோடு முரண்படாது. அதனால்தான் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஷேவிங் பிரஷ்ஷும் அப்படித்தான். பேட்ஜர் என்ற விலங்கின் முடி, பன்றி முடி என்று விலை ஏற ஏறப் பெருமையாகச் சொல்வார்கள். செயற்கை நார் பிரஷ்ஷே போதும். நம் ஊர் ஈரத்தில் விலங்கு முடி காயவே நேரம் பிடிக்கும், வாடை வைக்கும். நார் சீக்கிரம் உலர்ந்துவிடும். உதறிவிட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

முல்தானி மட்டி எண்ணெய் வழிகிற முகத்துக்கு வாரம் ஒருமுறை, முழுதாகக் காய்வதற்கு முன் கழுவிவிட வேண்டும். பன்னீர் வாங்கினால் உறையில் எசன்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் விட்டுவிடுங்கள்.

எலுமிச்சைச் சாறு முகத்துக்கு வேண்டவே வேண்டாம். அதன் சாறு பட்ட தோல் வெயிலில் பட்டால் தீக்காயம் போல் கன்றி, அந்தக் கருமை வாரக்கணக்கில் மாறாது. மதியம் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர் முகத்தில் இதைப் பூசிக்கொண்டு கிளம்புவது பெரிய ஆபத்து.

வெயிலுக்கு இந்தத் தெருவில் எதுவும் கிடையாது. தேங்காயெண்ணெயோ சந்தனமோ சன்ஸ்கிரீன் ஆகாது. அதை மருந்துக் கடையில்தான் வாங்க வேண்டும், ஜிங்க் ஆக்ஸைடு உள்ளதாகப் பார்த்து. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. ஷேவ் செய்த காலையில் படிகாரத்தைக் கழுவி, முகம் நன்றாக உலர்ந்த பிறகு பூசுங்கள். ஈரத்தோடு பூசினால் திட்டுத் திட்டாக வெள்ளையாக நிற்கும், வியர்வையில் கண்ணுக்குள் இறங்கி எரியும்.